சிங்கப்பூர் பயணமும் நம் கடைச் சீட்டும்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, பனைக்குளம் என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும், சிங்கப்பூரில் உறவினர் உள்ள வீடுகள் இருக்கும். பெரியவர்கள் காலத்தில் அது கப்பல் பயணம். ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை ஓடியது. அதன் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, நாள் கணக்கில் கடலில் போவார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. டிக்கெட் கைக்கு வந்ததும் பயணி அடுத்து வருவது மளிகைக் கடைக்குத்தான். மகளுக்கு மசாலா, பேரனுக்கு அப்பளம், சம்பந்தி வீட்டுக்கு ஊறுகாய் என்று சீட்டு நீளும். பெட்டியில் பாதி எடை நம் கடைச் சரக்கு. ஆகவே, “பயண ஏற்பாடு டிராவல்ஸ்காரர் வேலை, நமக்கென்ன?” என்று நம் உறுப்பினர்கள் இருந்துவிடக் கூடாது என்பதே நமது கருத்து.

இதை நாம் பட்டுத்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி ஒரு சீட்டோடு வந்தார். அவருடைய தாயார் முதல் முறையாகச் சிங்கப்பூர் போகிறார். கறி மசாலா, கால் கிலோ கசகசா, கொப்பரை, கற்பூரம் என்று எழுதியிருந்தது. நாமும் மகிழ்ச்சியோடு நல்ல சரக்காகப் பார்த்து எடுத்துக் கட்டிக் கொடுத்தோம். விமான நிலையத்தில் கொப்பரையும் கற்பூரமும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அந்தப் பதற்றத்தில் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது, வரிசையில் நின்ற ஒருவர் கசகசாப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை அங்கே கொண்டுபோனால் பெரிய வம்பு” என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கண்ணீரோடு விமானம் ஏறினார். முகம் தெரியாத அந்த மனிதர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. விற்றவர்கள் நாம். சொல்லாமல் விற்றவர்களும் நாம்தான்.

கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்கள். விதையை விற்பதும் குருமாவில் அரைப்பதும் இங்கே குற்றமல்ல. ஆனால் சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் அப்படியே. போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு என்பது ஊரறிந்த செய்தி. கசகசாவும் அபினும் ஒன்றல்லதான். ஆனால் மொழி புரியாத இடத்தில் நின்று முதல் பயணி அதை விளக்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாமா? தயார் மசாலாப் பாக்கெட்டுகளிலும் கசகசா சேர்ந்திருக்கலாம். பாக்கெட்டின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கொப்பரைக்குக் காரணம் வேறு. அதில் எண்ணெய்ச் சத்து மிகுதி. தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் ஏற்றுவதில்லை. கற்பூரமும் தீப்பெட்டியும் அந்த வகைதான். நெய், ஊறுகாய் போன்றவற்றைக் கைப்பையில் வைக்கக் கூடாது; பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் 2016 முதல் தடை. பீடி, சிகரெட்டில் ஒன்றுக்குக்கூட வரிச்சலுகை இல்லை. சூயிங்கம் 1992 முதல் கொண்டுபோக முடியாது. இறைச்சியோ, அந்நாடு அனுமதித்த நாடுகளிலிருந்து வருவதாக இருந்தால்தான் உள்ளே போகும். தூக்க மாத்திரைக்கும் சில இருமல் மருந்துகளுக்கும் முன்அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டும் உடன் இருக்க வேண்டும்.

கட்டுவதிலும் கவனம் தேவை. அரிசி மாவையும் உளுந்த மாவையும் பெயர் இல்லாத உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். வெள்ளைப் பொடி என்றாலே சோதனைக்காரர் நிறுத்துவார். பெயர், தேதி எழுதிய சீட்டை ஒட்டி, இரட்டை உறையில் கட்டுங்கள். நம் கடைத் தராசு சும்மாதானே இருக்கிறது? பயணியின் பெட்டியைக் காசு வாங்காமல் எடை போட்டுக் கொடுங்கள். டிக்கெட்டில் உள்ள எடைக்கு மேல் போனால் விமான நிலையத்தில் கட்டும் தொகை, சரக்கின் விலையையே மிஞ்சிவிடும்.

முதல் முறை போகிறவர் நம்மிடம் மற்ற விஷயங்களையும் கேட்பார். அதற்காகச் சில. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் முன்கூட்டியே வாங்க வேண்டும். அங்கு போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், வருகை அட்டையைக் கணினியில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். இந்திய ரூபாய் ஒருவர் 25,000 வரைதான் கொண்டுபோகலாம். தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்போன் அணைந்துபோனால் தாள்தான் துணை. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பயமின்றிக் குடிக்கலாம். தமிழும் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அறிவிப்புப் பலகையிலும் தமிழ் உண்டு. அங்கும் ஜி.எஸ்.டி. இருக்கிறது, 2024 முதல் 9 சதவீதம். இந்தச் சலுகைத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், திரும்பும்போது விமான நிலையத்தில் அந்த வரியைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டு எச்சரிக்கைகளை எல்லாருக்கும் சொல்லுங்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம். கொடுப்பவர் அண்டை வீட்டுக்காரராகவே இருந்தாலும் சரி. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யார் ஆசை காட்டினாலும் நம்ப வேண்டாம். கெடு முடிந்து 90 நாட்களுக்கு மேல் தங்கினால் அந்நாட்டில் சிறையோடு பிரம்படியும் உண்டு.

“இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் குறையாதா?” என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கசகசா விலை கூடிய சரக்கு. கால் கிலோ விற்றாலும் கல்லாவில் தெரியும். ஆனால் அன்று நமக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு என்று நினைவில்லை. அந்த அம்மையார் அழுதது மட்டும் நினைவிருக்கிறது. அவருடைய மகன் அதன் பிறகும் நம்மிடமே சரக்கு எடுக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. எல்லா வாடிக்கையாளரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. “இது வேண்டாம், அங்கே ஆகாது” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்தக் குடும்பம் கல்யாணச் சரக்குக்கும் உங்கள் கடைக்கே வரும்.

சங்கச் செயற்குழுவுக்கு நமது வேண்டுகோள் ஒன்று. விமானத்திலும் வெளிநாட்டிலும் ஆகாத மளிகைப் பொருட்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு உறுப்பினர் கடைக்கும் கொடுக்க வேண்டும். சட்டங்கள் மாறக்கூடியவை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்போடு சரிபார்த்துப் புதுத் தாள் தர வேண்டும். செலவு அதிகம் ஆகாது.

அதுவரை நம் உறுப்பினர்கள் செய்ய வேண்டியது எளிது. சீட்டை வாங்கியதும் சரக்கை நிறுப்பதற்கு முன், “இது எந்த ஊருக்குப் போகிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.