இனிப்பு நீர்: நம் தட்டில் உள்ள உரிமைப் பிரச்சினை



சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம்மில் பத்துப் பேரைக் கூட்டினால் மூவருக்கு இனிப்பு நீர். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நோயால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். கால் எடுக்கப்பட்ட ஒருவரையாவது நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

ஏன் இந்த நிலை? "அது நம் இரத்தத்தில் உள்ளது" என்பார்கள். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று ஏசுவோரும் உண்டு. பரம்பரைக்கு இதில் பங்கு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் 1986-ல் நடந்த முதல் தேசிய ஆய்வில், 35 வயதைத் தாண்டியோரிடையே நாடு முழுமைக்கும் நீரிழிவு 6.3 விழுக்காடுதான். ஒரு தலைமுறைக்குள் இரத்தம் மாறிவிடாது. மாறியது நம் சாப்பாடும் வேலையும் குடியிருப்பும்.

தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் புழுங்கலரிசி உண்டவர்கள். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மடிந்தபோது, தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் மற்றவர்களுக்கு வெள்ளை அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசி உண்டவர்களைத்தான் பிடித்தது.

அரிசி மட்டுமல்ல. குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் அவரையும் வளர்ந்தன. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் சம்பளத்தையும் சேவை ஆண்டுகளையும் மட்டுமே கணக்கிடுகின்றன. கீரைப் பாத்திக்கு அதில் இடமில்லை.

இன்று நம் தட்டில் என்ன இருக்கிறது? காலையில் ரொட்டி சானாய், மதியம் மலைபோல் வெள்ளைச் சோறு, ஷிப்ட் முடிந்ததும் மீ கோரெங். மூன்று வேளையும் மாவுச்சத்து. பருப்பு குழம்பாகிவிடுகிறது, காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டி. நடுவே இரண்டு மூன்று தே தாரிக். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. ஒரு கிளாசுக்கு இரண்டு கரண்டி என்றால், இரண்டு கிளாசில் 40 கிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அரசாங்கம் 2019 ஜூலையில் சீனி பானங்களுக்கு வரி விதித்தது. லிட்டருக்கு 40 சென்னாக இருந்த அது 2025-ல் 90 சென்னானது. நல்லதுதான். ஆனால் கடையில் ஆற்றித் தரும் தேநீரை அந்த வரி தொடுவதில்லை. 'சூக்கு சூக்கு செப்பாரு' என்று அமைச்சு பிரச்சாரம் செய்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு வகை, பாதி காய்கறியும் பழமும். இதுவும் நல்ல அறிவுரையே. 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் அந்தப் பாதித் தட்டை எப்படி நிரப்புவார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும் அல்லவா?

எனவே கேட்போம். கிளினிக் கெசிஹத்தானில் உணவுமுறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும் தமிழில், தோசையையும் சோற்றையும் வைத்து விளக்கச் சொல்லுங்கள். 40 வயதை எட்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 இலவசப் பரிசோதனை உண்டு. அது யாரும் போடும் பிச்சை அல்ல. உங்களுக்குச் சேர வேண்டியது. தொழிற்சாலை கேண்டீனில் காய்கறியும் சீனியில்லாத பானமும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் பேச வேண்டும். அடுக்குமாடிகளில் காலியாகக் கிடக்கும் நிலத்தைக் காய்கறி பயிரிடக் கேட்டு ஊராட்சி மன்றத்துக்கு மனு கொடுங்கள்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. சோற்றை ஓர் அகப்பை குறைத்து, பயறும் கீரையும் கூட்டுங்கள். 'தே ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கிப் பழகுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேளாமல் வேளை உணவைத் தவிர்க்காதீர்கள். சீனி அளவு திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

ஒரு சமூகத்தில் பத்தில் மூவர் நோயுற்றிருக்கும்போது அதை விதி என்று ஏற்றுக்கொண்டால், நாளை நம் பிள்ளைகளும் அதே டயாலிசிஸ் நாற்காலியில்தான் உட்காருவார்கள். உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஒருவரை இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.