கடைசி சீட்டில் ஏன் தூக்கிப் போடுகிறது?

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இடுப்பு வலித்தால் பயணிகள் ரோட்டைத் திட்டுவார்கள், இல்லையேல் டிரைவரை. பாதிக் குற்றம் அச்சுகளுடையது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. பின் அச்சைத் தாண்டித் தொங்கும் வால் பகுதிதான் வம்பு. அச்சு இடைவெளியில் 60 சதவீதம் வரை அது நீளலாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர்! வேகத்தடையில் பின்சக்கரம் நாலு அங்குலம் ஏறினால், வால் முனை ஆறு அங்குலத்துக்கு மேல் எகிறும். கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள், வயசு அப்படி. கண்டக்டர் தம்பிகளே, கர்ப்பிணிகளையும் பெரியவர்களையும் "பின்னாடி சீட் இருக்கு" என்று அனுப்பாதீர்கள். நடுவில் இருக்கும் இளவட்டத்தை எழுப்பி அங்கே உட்கார வையுங்கள்.