தம்பியை யார் பார்த்துக்கொள்வது?

அக்கா ஆறாம் ஆண்டை முடித்த வருடம்தான் நாங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் திரிங்காப்பு என்ற ஊருக்கு வந்தோம். அப்பாவுக்குக் காய்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது, அம்மாவுக்கும் அங்கேயே. தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அம்மா இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது தம்பியைத் துண்டில் சுற்றி அங்கே விட்டுவிட்டுப் போவார். திரிங்காப்பில் நல்ல கூலி இருந்தது, வீட்டு வாசலிலேயே தண்ணீர் இருந்தது. ஆயாக்கொட்டகை இல்லை. தம்பிக்கு அப்போது எட்டு மாதம். ஜனவரியில் பள்ளி திறந்தபோது அக்கா புகுமுக வகுப்புக்குப் போகவில்லை.

நான் போனேன். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுக்கும், அங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்கும், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போனேன். இன்று இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஆயாக்கொட்டகையாக இருந்தவர் அக்காதான்.

போன வாரம் அறிவியல் கண்காட்சிக்காக வகுப்புச் சுவரில் ஒட்டப் பெண் அறிவியலாளர்களின் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுக்கும்போது ஒரே கேள்விதான் வந்தது. இவர் படித்தபோது வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

முதல் படம் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் அங்கே முனைவரானார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை அதன் சொந்தக்காரப் புல்வகைகளோடும் மக்காச்சோளத்தோடும் இணைத்துப் பார்த்தார். பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் பெரிய நூலாக வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் கோல்ச்சிசினைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சுதான் கோல்ச்சிசின். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா மரம் இன்றும் பூக்கிறது.

என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது வேறொன்று. ஜானகி அம்மாள் கமேலியாக்களின் குரோமோசோம்களையும் எண்ணினார்; அந்தக் கட்டுரை 1952இல் வந்தது. நம் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் தேயிலையும் ஒரு கமேலியாதான். அதன் செல்லில் இருப்பவை 30 குரோமோசோம்கள். நம் பாட்டிகள் விரல் நுனியால் அறிந்த செடியை அவர் நுண்ணோக்கியால் அறிந்தார். இரண்டிலும் கவனம் ஒன்றுதான். கொழுந்து முற்றிவிட்டதா இல்லையா என்பதைக் கண் பார்ப்பதற்குள் கண்டுபிடித்துவிடும் விரல்கள் என் அம்மாவுடையவை.

ஜானகி அம்மாள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த படத்திலிருக்கும் அன்னா மணியும் செய்துகொள்ளவில்லை. 1918இல் பிறந்த அன்னா மணி, பீர்மேட்டு மலைப்பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவரின் மகள். எட்டாவது பிறந்தநாளுக்கு வந்த வைரக் கம்மலை வேண்டாமென்று சொல்லிக் கலைக்களஞ்சியம் கேட்ட சிறுமி அவர். சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளிரும் விதத்தை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். ஆனால் முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. அவர் வானிலைத் துறைக்குப் போய், ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைச் சீர்படுத்தி, இந்தியா தன் மழையையும் வெயிலையும் தானே அளக்க வழி செய்தார். அதே மலைகளில் கொழுந்து எடுத்தவர்களுக்கும் எட்டு வயதில் மகள்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் இடுப்பில் ஒரு தம்பியும் இருந்திருப்பான்.

பிள்ளை பெற்றும் ஆய்வகத்தில் நின்றவர் மேரி கியூரி. மூத்த மகள் ஐரீன் பிறந்தது 1897இல். அடுத்த ஆண்டே பொலோனியமும் ரேடியமும் கண்டுபிடிக்கப்பட்டன. இது எப்படி முடிந்தது? மனைவியை இழந்த மாமனார் யூஜின் கியூரி மகன் வீட்டோடு வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தார். ஒரு தாத்தா குழந்தையைப் பார்த்துக்கொண்டதால் உலகத்துக்கு இரண்டு தனிமங்கள் கிடைத்தன. அந்தப் பேத்தியும் 1935இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தத் தாத்தாவின் படத்தையும் தேடி எடுத்து மேரி கியூரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

நம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார் என்றாலும் பலகையும் சாக்கட்டியும் இருந்தன. பெண் பிள்ளைக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. சட்டம் பிள்ளைகளை எண்ணியது. அந்த வேலையை எண்ணவில்லை. படித்து ஆசிரியையாக வந்த பின்னும் மலாயாவில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம்தான். 1960இல் ராசம்மா பூபாலன் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் அமைத்தார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1969இல்தான் சம சம்பளம் வந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்று நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மனம் நிறைகிறது. ஆனாலும் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, என் வகுப்பின் கெட்டிக்கார மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். “டீச்சர், சனிக்கிழமை வர முடியாது. அம்மாவுக்கு வேலை. தம்பியப் பார்த்துக்கணும்.” நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அதே வாக்கியம்.

“தம்பியையும் கூட்டிக்கிட்டு வா” என்றேன். அன்றிரவே அக்காவிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை முறுக்குப் பொட்டலத்தோடு அக்கா பள்ளிக்கு வந்துவிட்டார். பையனை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்தார்.

மதியம் கூட்டம் குறைந்ததும் அந்த மாணவி அக்காவை நுண்ணோக்கிக்கு அழைத்துப்போனாள். கண்ணாடித் தகட்டில் தேயிலையின் அடித்தோல் இருந்தது. அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இதென்ன, வாய் வாயா இருக்கு?”

“இலைத்துளை, பெரியம்மா. இது வழியாத்தான் இலை மூச்சு விடும். தேயிலையில அடிப்பக்கம் மட்டும்தான் இருக்கும்.”

அக்கா நிமிர்ந்தார். முப்பது வருடம் காய்கறித் தோட்டத்தில் முதுகில் தோம்பு சுமந்து இலைக்கு உரம் தெளித்தவர் அவர்.

“முட்டைக்கோஸ் இலையில?”

“ரெண்டு பக்கமும் இருக்கும். அடியில அதிகம்.”

“அப்ப இலைக்கு உரம் அடிக்கறப்ப அடிப்பக்கமும் நனையணும்னு சொல்வாங்களே, அது இதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் நுண்ணோக்கிமேல் குனிந்துவிட்டார்.

தம்பிப் பயலை நான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.