திருத்தத்தின் தடம்: கல்வெட்டு மின்பதிப்பும் பகிர்களஞ்சியமும்

திருவரங்கம் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு ஒருவரே எழுதி முடித்த நூலன்று. பல தலைமுறையினர் சேர்த்தெழுதி வந்த ஆவணம். எப்பகுதியை எவர், எப்போது, எச்சான்று கொண்டு சேர்த்தார் என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லாமையால், கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே அதன் அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. 1961இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட வி. என். ஹரிராவ் வரலாற்றுக் குறிப்புகளையும் உடன் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று தமிழாய்வில் உருவாகும் மின்பதிப்புகளும் இந்நிலையையே எய்தக்கூடும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’ என்னும் பெயர்களில் கோப்புகள் மின்னஞ்சலில் உலவுகின்றன. அவற்றுள் எது இறுதி என்பதை அனுப்பியவரே சில திங்களில் மறந்துவிடுகிறார்.

நிரலாளர்கள் இச்சிக்கலுக்கு முன்னரே தீர்வு கண்டுள்ளனர். லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிப் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருளில், உடன்பணியாற்றும் ஒவ்வொருவரிடமும் கோப்புகளின் முழு வரலாறும் இருக்கும். திருத்தம் செய்தவர் தம் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் அதனைப் பதிந்து, பொதுவான தொலைக்களஞ்சியத்திற்கு அனுப்புகிறார். அதற்குள் வேறொருவர் தம் திருத்தத்தை அனுப்பியிருந்தால் களஞ்சியம் பின்வந்ததை ஏற்க மறுக்கும். முன்னதைப் பெற்று இணைத்த பின்னரே அனுப்ப இயலும். இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் மென்பொருள் தானாக முடிவு செய்வதில்லை; இரு பாடங்களையும் அருகருகே காட்டி நின்றுவிடுகிறது. பாடவேறுபாட்டை அறிந்த துறையினருக்கு இம்மறுப்பின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

கல்வெட்டுப் பதிப்பு இம்முறைக்கு மிகவும் இயைந்தது. மலைக்கோட்டை மேற்குகையிலுள்ள மகேந்திரவர்மன் கல்வெட்டை ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். திருவரங்கக் கல்வெட்டுகள் 1982இல் 24ஆம் தொகுதியாக வந்தன. கல்லின் ஒரு வரி கோப்பிலும் ஒரு வரியாக அமையுமாயின், மாறிய வாசிப்பு எவ்வரியில் உள்ளது என்பது உடனே புலப்படும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் 2019இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் பல்லவர் கல்வெட்டுப் பாடங்களை இவ்வாறே கிட்ஹப் களஞ்சியங்களில் பேணி வருகிறது. சொற்செயலிக் கோப்புகள் இதற்கு உதவா. எளிய உரைக்கோப்புகளே வேண்டும். தமிழுக்கேயுரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றைக் கணினி வேறுபாடாகவே கொள்ளும். குறியீட்டை முதலில் ஒருமைப்படுத்தாவிடில் பொய்யான திருத்தங்கள் மெய்யானவற்றை மறைத்துவிடும்.

இம்முறை தமிழ் மாணவர்க்குக் கடினம் என்னும் மறுப்பு வலுவற்றது. தேவையான கட்டளைகள் ஒரு பயிலரங்கில் கற்கத்தக்கவை. உண்மையான தயக்கம் வேறிடத்தில் உள்ளது. நெறியாளரின் வாசிப்பை ஆய்வு மாணவர் திருத்தினால், அது மாணவரின் பெயரிலேயே நிலையாகப் பதிவாகும். இதுவரை முன்னுரையின் நன்றியுரையில் ஒரு வரியாகக் கரைந்துபோன உழைப்பு, எழுத்தெழுத்தாகக் கணக்கில் வரும். இக்கணக்கை அழிக்கும் வழியும் கிட்டில் உண்டு: பிறர் பதிவுகளின்மேல் வலிந்து அனுப்பினால் பழைய வரலாறு களஞ்சியத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆதலின் முதன்மைக் கிளையில் அவ்வாறு அனுப்புவதை நெறியாளர்க்கும் சேர்த்தே தடைசெய்து, களஞ்சியத்தைத் தனியொருவர் கணக்கில் அன்றித் துறையின் பெயரில் வைத்தல் வேண்டும்.