பாதங்களையும் பார்ப்போம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் பெரியோர். அச்சிரசைச் சுமந்து நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை கால்களே. ஆயினும், பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் கவனிக்கும் நாம் அவர்களின் பாதங்களைக் கவனிப்பதில்லை. அக்குறை எம்மிடமும் இருந்தது. அதனை இம்மலரில் மனந்திறந்து கூறுவது எம் கடமையெனக் கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன் ஓட்டப் பயிற்சி என்றாலே மரத்தடியில் ஒதுங்கி அமர்ந்துவிடுவான். கேட்டால், "கால் வலிக்கிறது ஐயா" என்பான். சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்றெண்ணிக் கடிந்துகொண்டோம். பின்னர் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், குதிகாலை அடுத்த இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருந்தமை தெரியவந்தது. ஓய்வும், காலணிக்குள் வைக்கும் பாதத் தாங்கியும் அவனது வலியைத் தணித்தன. எம் கடுஞ்சொல்லுக்கு மருந்து ஏது?

அதே ஆண்டில் தாயார் ஒருவர் பாலர் வகுப்பில் பயிலும் தம் மகனை அழைத்து வந்தார். பிள்ளையின் பாதம் தட்டையாக இருக்கிறதென்று எவரோ கூறியதை நம்பி, விலையுயர்ந்த தாங்கி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையோ வலி ஏதுமின்றித் திடலில் துள்ளி ஓடிக்கொண்டிருந்தான். தேவைப்பட்டவனுக்குத் தாங்கி காலந்தாழ்ந்து கிடைத்தது. தேவைப்படாதவனுக்கோ முந்திக்கொண்டு வரவிருந்தது. இந்நிலை மாற வேண்டும்.

சிறு பிள்ளைகளின் பாதம் தட்டையாக இருப்பது பெரும்பாலும் நோயன்று, இயற்கையே. உள்ளங்காலில் உள்ள கொழுப்புத் திசு வளைவை மறைத்திருக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்ந்திருக்கும். பலருக்கு ஏறத்தாழப் பத்து வயதுக்குள் வளைவு தானே உருவாகிவிடும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்பொழுது வளைவு தோன்றி, வலியும் இல்லையெனில் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை.

தாங்கி வைத்தால் வளைவு விரைந்து வளருமா? 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூன்றாண்டுகள் திருத்தக் காலணியும் தாங்கியும் அணிந்த பிள்ளைகளுக்கும் அணியாத பிள்ளைகளுக்கும் வளைவின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1992-இல் இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்தோருள் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதோருள் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது.

இதைக் கேட்டுக் காலணியையே துறந்துவிடலாகாது. வெறுங்காலுடன் திரிந்த நம் முன்னோரைக் கொக்கிப்புழு எவ்வாறு வாட்டியது என்பதைத் தோட்டத்து மூத்தோர் அறிவர். வெளியே செல்லுங்கால் காலணி வேண்டும். வீட்டினுள்ளும் தூய்மையான தரையிலும் பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாடட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும்' என்று இரண்டளவு பெரிய காலணி வாங்கி, முனையில் காகிதம் திணித்து அனுப்பாதீர்கள். அண்ணனுக்குச் சிறிதாகிவிட்டதைத் தம்பியின் காலில் திணிக்கவும் வேண்டா. பிள்ளை நிற்கும்பொழுது, நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தால் போதும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். குறைந்த வருவாயில் இது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும், தேவையற்ற தாங்கிக்குச் செலவிடும் பணத்தில் பொருத்தமான காலணி வாங்கலாம் அன்றோ?

பாதம் வலித்தாலும், விறைப்பாக இருந்தாலும், ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலும், பிள்ளை அடிக்கடி இடறி விழுந்தாலும் காலந்தாழ்த்தாது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் தாங்கி அணியச் சொன்னால், வெட்கப்படாமல் அணிவியுங்கள். அது கண்ணாடி அணிவதைப் போன்றதே. மாணவச் செல்வங்களே, தாங்கி அணிந்த தோழனை எள்ளி நகையாடாதீர்கள். அவனுடன் சேர்ந்து நடவுங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். "கால் வலிக்கிறது ஐயா" என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறோம். அதன் பின்னரே வாய் திறக்கிறோம்.

நம் பிள்ளைகள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வலியின்றி அமைக. உயர்வை நோக்கிச் செல்க!