பத்துப் பாத்திரமும் பரதேசமும்

பெண்ணையோ பிள்ளையையோ அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர்கள் நமது நேயர்களில் அநேகர். விமானம் ஏற்றிய நாள் முதல் அவர்களுடைய விசாரமெல்லாம் குளிரைப் பற்றியதுதான். கம்பளிச் சட்டை போதுமா, பனியில் வழுக்கி விழாமல் நடப்பார்களா என்று தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். குளிர் அப்படி ஒன்றும் தீராத கஷ்டமல்ல. கம்பளியைப் போர்த்துக்கொண்டால் தீர்ந்தது. வீட்டுக்குள்ளே கதகதப்பாக இருக்க வேண்டிய ஏற்பாடும் உண்டு. போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் வேறொரு கஷ்டம் தலை நீட்டும். காலையில் கதவைத் தட்டி, தொட்டியில் குவிந்து கிடக்கும் பத்துப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, அழுகிற குழந்தையைச் சற்று நேரம் இடுப்பில் வைத்துச் சமாதானப்படுத்திவிட்டுப் போகிற அந்த அம்மாள் அங்கே வரமாட்டாள். அடுத்த நாளும் வரமாட்டாள்.

சென்னையிலும் மதுரையிலும் கோயமுத்தூரிலும் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் எத்தனை வேலைகளைத் தம் கையால் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் கணக்குக்கு வருகிறது. பெரிய பட்டங்கள் பெற்ற இளைஞருக்குக் குளியலறையைத் தேய்த்துக் கழுவும் முறை தெரியாது. அவருடைய மனைவிக்குச் சமையல் தெரிந்திருக்கலாம். ஆனால் சமைத்த பிறகு அடுக்களையில் நடக்கும் வேலை ஒரு மணி நேர வேலை என்பது தெரியாது. நம் வீட்டில் அது எப்போதும் பிறர் கண்ணுக்குப் படாமலே நடந்துவந்தது.

அமெரிக்காவில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி நிஜந்தான். ஆள் உண்டு. கூலிதான் நமக்குக் கட்டுபடியாவதில்லை. மத்திய சர்க்கார் விதித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி 2009-ம் வருஷம் முதல் மணிக்கு 7.25 டாலர், சில மாகாணங்களில் அதைப் போல் இரண்டு பங்குக்கும் மேல். இது ஏதோ அந்நாட்டாரின் பெருந்தன்மையால் ஆதியிலிருந்து வந்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 1938-ல் இந்தக் கூலிச் சட்டம் பிறந்தபோது வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பினப் பெண்கள். முப்பத்தாறு வருஷம் காத்திருந்து 1974-ல்தான் அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிட்டியது. இப்போது வசதியுள்ள குடும்பங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அமர்த்துவதுண்டு. அந்த ஆள் தம் சொந்த மோட்டாரில் வந்து இறங்குவார். பேசிய மணிக்குப் பேசிய வேலையைச் செய்வார். 'இதையும் சேர்த்து ஒரு கை தேய்த்துவிடு' என்றால் அதற்கும் கணக்குச் சொல்வார். நம்மவர்களுக்கு முதலில் இது சற்றுத் திடுக்கிடத்தான் செய்கிறது!

அதுதான் யந்திரங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. துணி துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று, தரை சுத்தம் செய்ய ஒன்று. இங்கிருந்து ஆசையாகக் கொண்டுபோகும் கிரைண்டர் மட்டும் அங்கே சரியாக ஓடாது. நம் மின்சாரம் 230 வோல்ட், அவர்களுடையது 120. ஆகையால் அந்த ஊருக்கென்றே தனியாகச் செய்ததைத்தான் வாங்க வேண்டும். பாத்திரம் கழுவும் யந்திரம் பீங்கான் தட்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதற்கு 1886-ல் உரிமை பெற்ற ஜோஸபின் காக்ரேன் என்ற சீமாட்டி வீடு நிறைய வேலைக்காரர்களை வைத்திருந்தவர். அவர்கள் தம் உயர்ந்த பீங்கான்களை விளிம்பு உடைக்கிறார்களே என்ற வருத்தத்தில்தான் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். நம் இரும்புத் தோசைக்கல்லை அதற்குள் வைத்தால் துருப்பிடித்து வெளியே வரும். அடிப்பிடித்த பால் பாத்திரத்துக்குக் கைதான் கதி.

இந்த யந்திரங்களைப் பற்றி ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்கச் சரித்திர ஆசிரியை 1983-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொல்லும் விஷயம் நம் குடும்பங்கள் யோசிக்கத் தக்கது. புதிய அடுப்பு வந்தபோது விறகு பிளக்கும் வேலை போயிற்று. அது புருஷனுடைய வேலை. குழாய் வந்தபோது தண்ணீர் சுமக்கும் வேலை போயிற்று. அதில் குழந்தைகளுக்கும் பங்கு இருந்தது. துவைக்கும் யந்திரம் வந்ததும் வெளுப்பவள் வருவது நின்றது. ஆக, யந்திரங்கள் ஒவ்வொன்றும் மற்றவர்களை வீட்டு வேலையிலிருந்து விடுவித்து, மிச்சமெல்லாவற்றையும் வீட்டுத் தலைவி ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டன. அத்துடன் சுத்தத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் ஏறிப்போயிற்று. வாரத்துக்கு ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றலாயினர். வேலை மாறியதே தவிர அவளுடைய வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை.

அடுக்களை விஷயத்தையும் கொஞ்சம் பேச வேண்டும். குழம்பு, ரசம், கறி, கூட்டு, அப்பளம், அதுவும் இரு வேளையும் புதிதாக என்பது நம் பாட்டிமார் வகுத்த தர்மம். அந்தத் தர்மத்தைத் தாங்கி நின்றது அரைப்பதற்கும் நறுக்குவதற்கும் தேய்ப்பதற்கும் இருந்த வேறு கைகள். அந்தக் கைகளை விட்டுவிட்டுத் தர்மத்தை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் ஆறு மாதத்தில் படுத்துவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வெங்காயமும் தக்காளியும் வதக்கி வைக்கிறார்கள். இரண்டு குழம்பு வைத்துக் குளிர்ப் பெட்டியில் அடுக்குகிறார்கள். துருவி உறையவைத்த தேங்காயை வாங்கிக்கொள்கிறார்கள். குளிர் நாட்களில் இட்லி மாவு பொங்காது. ரொட்டி சுடும் அடுப்பைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவை இரவில் உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது உத்தமம். இல்லாவிட்டால் கூரையில் உள்ள புகை மணி அலறி, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். 'நேற்று வைத்த குழம்பா சாப்பிடுகிறீர்கள்?' என்று இங்கிருந்து டெலிபோனில் அங்கலாய்க்கும் தாய்மார்களை நாம் வணக்கமாகக் கேட்டுக்கொள்வது, அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடுங்கள் என்பதே.

குழந்தை பிறந்துவிட்டால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. நம் தேசத்தில் 2017-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அதன் கீழ் வரும் ஸ்தாபனங்களில் வேலை பார்க்கும் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுமுறை உண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 1993-ம் வருஷத்து மத்திய சட்டம் கொடுப்பது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாத ஸ்தாபனத்தில் ஒரு வருஷமாவது வேலை பார்த்திருந்தால். கலிபோர்னியா 2004 முதல் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவருகிறது. வேறு சில மாகாணங்களும் பின்பற்றியிருக்கின்றன. பிறகு காப்பகந்தான். அங்கே கேட்கும் தொகையைப் பார்த்துப் பகற்கொள்ளை என்று நம்மவர்கள் கோபிக்கிறார்கள். கலிபோர்னியாவின் விதி, நான்கு கைக்குழந்தைகளுக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்கிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒருவருடைய சம்பளத்தையும், இடத்தின் வாடகையையும், மற்றச் செலவையும் தாங்க வேண்டும் என்றால் வேறு எப்படிக் கணக்கு வரும்? நம் வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது செலவில்லாமல் நடந்ததாகத் தோன்றியது. பார்த்துக்கொண்டவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதே அதன் காரணம்.

ஆகவே பாட்டிக்கு ஓலை போகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான விஸாவில் சாதாரணமாக ஆறு மாதம் தங்க அனுமதிப்பார்கள். முதல் ஆறு மாதம் பெண்ணின் தாயார், அடுத்த ஆறு மாதம் பிள்ளையின் தாயார் என்று முறை வைத்து ஒரு வருஷத்தை ஓட்டுகிறார்கள். பிரசவ லேகியமும் வசம்பும் பெட்டியில் வர, பாட்டியும் வருகிறாள். பேரனைக் கொஞ்சுகிற ஆனந்தத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு இருவரும் வேலைக்குப் புறப்பட்டால் மாலை ஆறு வரையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட அந்த அம்மாள் குழந்தையுடன் தனியே இருக்கிறாள். மோட்டார் ஓட்டத் தெரியாது. நடந்து போகக் கடையோ கோயிலோ கிடையாது. எட்டிப் பார்த்துப் பேச அண்டை வீட்டுக்காரி இல்லை. இடுப்பு வலி என்றால் வைத்தியச் செலவை நினைத்து வாய் திறப்பதில்லை. கூலி கொடுத்துக் கட்டுபடியாகாத வேலைக்குத் தாயாரை அழைத்துக்கொள்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் உணர்ந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது அவளுக்கு ஓய்வு கொடுத்து, வெளியே அழைத்துப் போவார்கள். கானடாவில் 2011 டிசம்பரில் ஏற்படுத்திய விசேஷ விஸாவின்படி, 2022 ஜூலை முதல் பெற்றோர்கள் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம் வரையில் தங்கலாம். தங்கும் காலம் நீளும்போது இந்த விஷயத்தில் ஜாக்கிரதையும் அதிகம் வேண்டும்.

பாட்டி ஊர் திரும்பியபின் மனைவி மிஞ்சுகிறாள். வேலை விஸாவில் போகும் புருஷனுடன் துணை விஸாவில் போகும் பெண்கள் நெடுங்காலம் சம்பாதிக்க உரிமையின்றி இருந்தார்கள். 2015 மே மாதம் முதல், புருஷனுடைய நிரந்தரக் குடியுரிமை மனு ஒரு குறிப்பிட்ட படியைத் தாண்டியிருந்தால் மனைவி வேலை பார்க்க அனுமதி கோரலாம் என்றார்கள். அந்தப் படியை எட்டாதவர்களுக்கு இன்றும் இல்லை. இங்கே கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாங்கியில் உத்தியோகம் பார்த்தவள், அங்கே போய் அடுக்களையும் குழந்தையுமாக நிற்கிறாள். 'நீ வீட்டில்தானே இருக்கிறாய்' என்ற வாக்கியம் எவ்வளவு சாதுவாக ஒலிக்கிறது! அதைத் தினம் கேட்கிறவளுக்குத்தான் அதன் கூர்மை தெரியும். இங்கே பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு மாதச் சம்பளமும், சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் இரண்டு நாள் விடுமுறையும் இருந்தன.

நம் தேசத்தில் 2024-ல் சர்க்கார் எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிஷம் செலவிடுவதாகவும், ஆண்கள் 88 நிமிஷம் செலவிடுவதாகவும் கண்டிருக்கிறது. அந்த 88 நிமிஷமும் வேலையில் கை வைக்கும் ஆண்களுடைய கணக்குத்தான். வைக்காதவர்கள் அதில் சேரவில்லை. இந்தப் பழக்கத்துடன் கப்பலோ விமானமோ ஏறினால் அது தானாக மாறிவிடாது. மாறத் தொடங்கினாலும் இங்கிருந்து ஒரு குரல் கேட்கிறது: "ஏண்டா கண்ணா, ராஜா மாதிரி வளர்த்தேனே, அங்கே போய்ப் பாத்திரமா தேய்க்கிறாய்?" பிள்ளை சிரித்து மழுப்புகிறான். பக்கத்தில் நிற்கும் மருமகள் சிரிப்பதில்லை.

'நான் ஒத்தாசை செய்கிறேன்' என்று சொல்லும் புருஷர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒத்தாசை என்றாலே வேலை வேறொருவருடையது என்று அர்த்தமாகிறது. சோப்புத் தீர்ந்தது, காப்பகத்துக்கு மாற்றுத் துணி வேண்டும், நாளைக் காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்க வேண்டும் என்ற நினைவெல்லாம் ஒருத்தியின் தலையிலேயே இருக்க, சொன்னதை மட்டும் செய்வது அரை வேலை. நாம் அறிந்த குடும்பங்களில் நன்றாக நடப்பவை, வேலையை முழுசு முழுசாகப் பிரித்துக்கொண்டவை. துணி என்றால் துவைப்பது முதல் மடித்து அடுக்குவது வரை ஒருவருடையது. காலைச் சமையல் ஒருவர், இரவுச் சமையல் மற்றவர். நான்கு வயதுக் குழந்தை தன் தட்டைத் தானே எடுத்து வைக்கிறது. அருகில் உள்ள இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் முறை வைத்து எல்லாக் குழந்தைகளையும் ஒரு வீட்டில் விட, மற்றவர்களுக்கு அரை நாள் ஓய்வு கிடைக்கிறது.

இது நம்மவர்களுக்கு முன்பின் தெரியாத சங்கதியும் அல்ல. 1910-ல் ஜொஹானஸ்பர்க் நகருக்கு அருகே, காலன்பாக் கொடுத்த சுமார் 1100 ஏக்கர் நிலத்தில் காந்திஜி டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தபோது அங்கே வந்து சேர்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. புருஷர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர்கள். பண்ணையில் வேலைக்காரர் வைத்துக்கொள்வதில்லை என்பது விதி. சமையல் முதல் மலக்கழிவு அகற்றுவது வரை அவரவர் கையாலேயே நடந்தது. அடுக்களை எல்லாருக்கும் ஒன்றே. (குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததும் காந்திஜிதான், தமக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சமே என்று அவரே எழுதியிருக்கிறார்.)

அடுத்த மாதம் புறப்பட இருக்கும் தம்பதிகள் ஊறுகாயும் பொடிகளும் கட்டுவதற்கு முன், இரண்டு வாரம் இங்கேயே தங்கள் வீட்டு வேலையைத் தாங்களே செய்து பார்க்கலாம். அந்த அம்மாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுத்துவிடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரிந்துவிடும். இருவரில் யாருக்கு எதில் கோபம் வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த அம்மாளைப் பற்றி இங்கே இருப்பவர்களும் நினைக்க வேண்டியது சிறிது உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்பவர்களுக்காக 2007-ல் நல வாரியம் ஏற்பட்டது. அதில் தம் வீட்டில் வேலை பார்ப்பவர் பதிவு செய்துகொண்டிருக்கிறாரா என்று விசாரித்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்களில் மிகச் சிலர். 2011-ல் ஜெனீவாவில் வீட்டு வேலையாளருக்கென்று சர்வதேச உடன்படிக்கை நிறைவேறியபோது நம் பிரதிநிதிகள் ஆதரித்து வோட்டளித்தார்கள். நம் தேசம் அதை இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை.

மேரிலாந்து மாகாணத்தில் குடியேறிய நம் சிநேகிதர் குடும்பம் ஒன்று விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தது. ஒரு மாலை நாமும் அங்கே இருந்தோம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் அவ்வீட்டுப் பேத்தி போய், "உங்க பாப்பாவை யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டாள். "பெரியவ பார்த்துக்குவா கண்ணு, அவளுக்கு ஒன்பது வயசு" என்று பதில் வந்தது. மேரிலாந்தில் எட்டு வயது நிரம்பாத குழந்தையைப் பதிமூன்று வயதுக்குக் குறைந்தவர் பொறுப்பில் விட்டுப் போவது சட்ட விரோதம் என்று குழந்தையின் தாயார் மெதுவாக எங்களிடம் சொன்னாள். பாட்டி அதற்குள் காப்பி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.