பாட்டி செஞ்ச இனிப்பு மேல பழியைப் போடாதீங்க



சுகர் இருக்குன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கே நம்ம வீடுகள்ல முதல்ல பறிபோறது எது? பண்டிகைப் பலகாரம்தான். தினமும் நாலு வேளை குடிக்கிற சர்க்கரை போட்ட டீ அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா கையால சுடுற அதிரசத்துக்கு மட்டும் தடை உத்தரவு.

இது தப்பான இடத்துல கை வைக்கிற வேலைங்கிறது என் கருத்து.

அதைச் சொல்றதுக்கு நான் எடுத்துக்கப் போற உதாரணம் நம்ம ஊர் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களோட குடும்ப இனிப்புகள். ஏன்னா இந்த வாக்குவாதம் அங்க நம்மளை விட ரொம்ப நாளா, ரொம்ப சத்தமா நடந்துட்டிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

"சோல் ஃபுட்"னு ஒரு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1960கள்ல பரவலான பேர் அது. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல அடிமைகளா வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களும் அவங்க வாரிசுகளும் சமைச்சு வளர்த்த சாப்பாடு. நெட்ஃபிளிக்ஸ்ல 2021ல வந்த "ஹை ஆன் த ஹாக்" தொடரைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிஞ்சிருக்கும்.

அதுல இனிப்புக்குன்னு தனி வரிசை உண்டு. பீச் பழத்தைப் பாகுல போட்டு மேல மாவு மூடி வேகவைக்கிற காப்ளர். பிஸ்கட், வாழைப்பழம், கஸ்டர்டுன்னு அடுக்கடுக்கா வர்ற பனானா புட்டிங். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் ஆளுக்கொரு பவுண்டு போட்டதால பேர் வாங்குன பவுண்ட் கேக். இது எல்லாத்துக்கும் தலைவர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை. (பைன்னதும் மஞ்சப்பை ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. மாவுத்தட்டுக்குள்ள இனிப்பு விழுதை ஊத்தி அடுப்புல வேகவைக்கிற பலகாரம் அது.)

நம்மூர்ல சர்க்கரைவள்ளிக் கிழங்குன்னா அவிச்சுத் தின்கிற ஏழை வீட்டு மாலைப் பலகாரம். அங்கயும் ஏழை வீட்டுக் கிழங்குதான். மேற்கு ஆப்பிரிக்காவுல அந்த மக்கள் சாப்பிட்டு வளர்ந்தது "யாம்"னு சொல்ற வேற கிழங்கு. கடல் தாண்டி வந்த இடத்துல அது இல்லை, சர்க்கரைவள்ளி இருந்துச்சு. கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க. அதனாலதான் தென் மாநிலங்கள்ல இன்னைக்கும் சர்க்கரைவள்ளியையே யாம்னு கூப்பிடுறாங்க. பறிகொடுத்த ஊர்க் கிழங்கோட பேரை, கிடைச்ச கிழங்குக்கு வச்சிட்டாங்க.

இன்னொண்ணு. லூசியானாவுலயும் கரீபியன் தீவுகள்லயும் கரும்பு வெட்டி, ஆலையில வெந்து செத்தது இதே மக்கள்தான். வெள்ளைச் சர்க்கரை முதலாளி மேஜைக்குப் போச்சு. சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுற கருப்புப் பாகு, மொலாசஸ், இவங்களுக்குப் படியா அளக்கப்பட்டது. அந்தப் பாகுலயும் இனிப்பு பண்ணி புள்ளைங்களுக்குக் கொடுத்திருக்காங்க.

எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தாலே குற்றம்னு பல தென் மாநிலங்கள்ல சட்டம் இருந்த காலம். சமையல் குறிப்பு எப்படிப் பிழைச்சுது? கை வழியா, வாய் வழியா.

ஆபி ஃபிஷர்னு ஒரு அம்மா. அடிமையா இருந்து விடுதலையானவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதி, 1881ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு சமையல் புத்தகம் வந்துச்சு. சர்க்கரைவள்ளி பை செய்முறை அதுல இருக்கு. ரெண்டு பவுண்டு கிழங்குக்கு ரெண்டு பை, ஒரு ஆரஞ்சோட சாறுன்னு எல்லாத்துக்கும் கணக்கு சொன்னவங்க, சர்க்கரைக்கு மட்டும் அளவே சொல்லலை. இனிப்பு உங்க ருசிக்கு ஏத்தபடின்னு விட்டுட்டாங்க. இந்த விஷயத்தை ஓரமா வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

எட்னா லூயிஸ்னு இன்னொருத்தர். விடுதலையான அடிமைகள் சேர்ந்து உருவாக்குன ஃப்ரீடவுன்ங்கிற வர்ஜீனியா கிராமத்துல பிறந்தவங்க. அதை உருவாக்குனவங்கள்ல அவங்க தாத்தாவும் ஒருத்தர். 1976ல அவங்க எழுதுன புத்தகம் அந்த ஊர்ச் சமையலைப் பத்தினது. அளக்கிற ஸ்பூன் இல்லாததால பேக்கிங் பவுடரை நாணயத்து மேல குவிச்சு அளந்தாங்களாம். கேக் வெந்துடுச்சான்னு காது வச்சுக் கேப்பாங்களாம், சலசலப்பு அடங்கினா பதம். நம்ம பாட்டிங்க "கண்ணளவு"ன்னு சொல்லிட்டுப் போற மாதிரிதான்.

இந்த இனிப்புங்க போராட்டத்துக்கும் காசு கொடுத்திருக்கு. 1955 டிசம்பர்ல அலபாமாவுல மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்குச்சு. 381 நாள் நடந்துச்சு. அவ்வளவு நாளும் மக்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போக கார் வேணும், பெட்ரோல் வேணும். ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையல்கார அம்மா, அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு பையும் கேக்கும் சுட்டு வித்து, வாராவாரம் கூட்டத்துல பணத்தைக் கொடுத்தாங்க. அந்தக் குழுவுக்குப் பேர் "எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்". பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா, "எங்கிருந்தும் இல்லை"ன்னு உண்மையையே சொல்லிக்கலாம் பாருங்க! வித்தவங்க பேர் தெரிஞ்சா வெள்ளைக்காரர் வீட்டு வேலை போயிடும். மார்ட்டின் லூதர் கிங் வழக்குல சாட்சி சொன்னதுக்குப் பிறகு கில்மோருக்கு வேலையே போச்சு.

அப்புறம் ரயில். 1910லேர்ந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க்னு வடக்கே போனாங்க. வழியில ஹோட்டல்ல உட்கார விட மாட்டாங்க. அதனால வீட்டிலேயே காலி செருப்புப் பெட்டியில பொரிச்ச கோழி, அவிச்ச முட்டை, ஒரு துண்டு கேக் வச்சுக் கட்டிக் கொடுப்பாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு ஊர்னா அந்தக் கேக் வாசனைதான். தெற்குல விட்டுட்டு வந்த பாட்டியோட முகம் அதுல இருக்கு.

வாசனைன்னு சொன்னேன்ல, அதுல ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. பார்க்கிறது, கேக்கிறது, தொடுறது எல்லாம் மூளையில தலாமஸ்ங்கிற ஜங்ஷன்ல இறங்கி மாறித்தான் உள்ளே போகும். வாசனை அந்த ஜங்ஷனுக்குக் காத்திருக்காது. மூக்குலேர்ந்து உணர்ச்சியைக் கையாள்ற அமிக்டலாவுக்கும் நினைவோட சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸ் பகுதிக்கும் கிட்டத்தட்ட நேர் வழி. ஜாதிக்காய், பட்டை, உருகுற வெண்ணெய், இந்த வாசனை வந்ததும் நாப்பது வருஷம் முந்தின அடுப்படி கண்ணு முன்னாடி வந்து நிக்கிறது அதனாலதான். வெல்லப் பாகு கொதிக்கிற வாசனைக்கு நமக்கு வர்றதும் இதேதான்.

அதாவது, நினைவைத் தூக்கிட்டு வர்றது வாசனை. சர்க்கரையோட கிராம் கணக்கு இல்லை.

சரி, இப்ப டாக்டரா பேசுறேன். ஏன்னா கசப்பான பக்கமும் இருக்கு.

அமெரிக்கக் கறுப்பினப் பெரியவங்கள்ல சுகர் கண்டறியப்பட்டவங்க சுமார் 12 சதவீதம். வெள்ளையர்களை விட கணிசமா அதிகம். பாடகி பாட்டி லாபெல் பேரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அவங்க பேர்ல வந்த சர்க்கரைவள்ளி பை 2015ல ஒரு ரசிகரோட வீடியோவால வால்மார்ட் கடைகள்ல அலமாரி காலியாகிற அளவுக்கு வித்துச்சு. அதே பாட்டி லாபெல் டைப் 2 சுகர் நோயாளி. மேடையில மயங்கி விழுந்த பிறகுதான் சுகர் இருக்குன்னே தெரிஞ்சுது. அவங்க அம்மாவோட உயிரைக் குடிச்சதும் இதே நோய்தான். இதை எல்லாம் மறைக்காம வெளியே பேசுறவங்க. 2003ல சுகர் உள்ளவங்களை மனசுல வச்சு தனியா ஒரு சமையல் புத்தகமே போட்டாங்க. இனிப்பை விட்டுட்டு ஓடவும் இல்லை, நோயை மறுக்கவும் இல்லை. எனக்குப் பிடிச்ச வழி அது.

இன்னொரு வழியும் முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்போட தலைவர் எலைஜா முகமது, இது அடிமைக் காலச் சாப்பாடு, சர்க்கரைவள்ளிக் கிழங்கே வேண்டாம்னு தன் மக்களுக்குச் சொன்னார். 1967ல அவர் போட்ட உணவுப் புத்தகத்துல இந்த விலக்கெல்லாம் இருக்கு. அவர் நோக்கம் மக்களோட ஆரோக்கியம்தான். ஆனா என்ன ஆச்சு? அவர் அனுமதிச்ச வெள்ளை பீன்ஸை வேகவச்சு மசிச்சு, அதே வெண்ணெய், அதே சர்க்கரை, அதே பட்டை போட்டு "பீன் பை" பண்ணிட்டாங்க! இன்னைக்கு அதுவே ஒரு பாரம்பரிய இனிப்பு. இனிப்பைத் தடை பண்ணினா இன்னொரு இனிப்பு வரும். மனுஷ சுபாவம்.

இப்ப கணக்குக்கு வாங்க.

ஒரு பையை எட்டாப் போட்டு அதுல ஒரு துண்டு எடுத்தா சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து சுமார் 40 கிராம் வரும். 355 மில்லி கோலா டின் ஒண்ணுல சர்க்கரை மட்டுமே 39 கிராம். பையில கொழுப்பும் கலோரியும் கூடுதல்தான், அதை மறைக்கலை. ஆனா பை வர்றது வருஷத்துல சில நாள். தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், சர்ச் விருந்து, துக்க வீட்டுச் சாப்பாடு. கோலாவும், தென் மாநிலங்கள்ல தண்ணி மாதிரி குடிக்கிற ஸ்வீட் டீயும் வர்றது தினமும். அந்தக் கோலாவுல யாரோட பாட்டியும் கிடையாது.

நம்ம கதைக்கு வாங்க. ஒரு நாளைக்கு 4 டீ, டீக்கு 2 ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம். 40 கிராம் ஆச்சா? தினமும் ஒரு துண்டு பைக்குச் சமமான சர்க்கரை, அதுவும் ருசிச்சுக்கூடப் பார்க்காம உள்ளே போகுது. 2023ல வெளியான ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வுப்படி தமிழ்நாட்டுல சுகர் உள்ளவங்க 14.4 சதவீதம். அந்த எண்ணிக்கையை இங்க ஏத்தினது தீபாவளிக்குச் சுட்ட அதிரசம்னு நினைக்கிறீங்களா? மூணு வேளையும் மலை மாதிரி சோறு, டீ, பேக்கரி, உட்கார்ந்த இடத்து வேலை, பரம்பரை. இதெல்லாம் பேச நேரம் எடுக்கும். "ஸ்வீட்டை நிறுத்துங்க"ன்னு சொல்ல ரெண்டு செகண்ட் போதும். கூட்டமான ஓபியில அந்த ரெண்டு செகண்ட் வாக்கியம்தான் ஜெயிக்குது.

எங்க ஓபிக்கு வர்ற ஒரு அம்மா போன தீபாவளிக்கு முன்னாடி கேட்டாங்க, "தம்பி, எம்மவ அதிரசம் சுட்டுக் கொண்டாருவா. ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆயிடாதுல்ல?" அவங்க டீக்கு சர்க்கரையை விட்டு நாலு மாசம் ஆயிருந்துச்சு. மூணு மாச சராசரி சுகரும் கட்டுக்குள்ள இருந்துச்சு. "சாப்பிடுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. மதியச் சாப்பாட்டோட சேர்த்து, சோத்தை ஒரு கரண்டி குறைச்சுக்கிட்டு"ன்னேன். அவங்க முகத்துல வந்த சிரிப்பை எந்த மாத்திரையாலும் கொடுக்க முடியாது.

ஆபி ஃபிஷர் சர்க்கரைக்கு அளவு சொல்லலைன்னு சொன்னேன்ல? இன்னைக்குப் பல பை செய்முறைகள்ல ஒரு கப், அதாவது சுமார் 200 கிராம் சர்க்கரை. கிழங்கே இனிப்பு, அதுக்கு மேல இது. மூணுல ஒரு பங்கைக் குறைச்சாலும் ஜாதிக்காய் வாசனை அப்படியேதான் இருக்கும். நம்ம பாயசத்துக்கும் இதையே செய்யலாம். வெல்லத்தைக் குறைங்க, ஏலக்காயைக் குறைக்காதீங்க. நெய் வாசனை போதுமான அளவு இருந்தா சின்னக் கிண்ணமே நிறைவா இருக்கும்.

நீங்க கேக்கப் போற கேள்வி தெரியும். "வெல்லம்தானே டாக்டர், கருப்பட்டிதானே, தேன்தானே?" எல்லாமே சர்க்கரைதான். மொலாசஸும்தான். ரத்தத்துல போய்ச் சேர்ந்த பிறகு அதுக்குப் பாரம்பரியம் எல்லாம் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். பண்டிகைக்கு இனிப்பு சாப்பிடணும்னு காலையில சாப்பாட்டை விட்டுட்டு சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்காதீங்க. தாழ்சுகர் வந்து வேர்த்துக் கொட்டி மயங்கி, பண்டிகை அன்னைக்கே கேஷுவாலிட்டிக்கு வருவீங்க. மாத்திரையை நீங்களா கூட்டிப் போட்டுக்கிட்டு இனிப்பு தின்கிறதும் கூடாது. சுகர் 300க்கு மேல ஓடிட்டிருக்கவங்க, காலில ஆறாத புண் இருக்கவங்க, கிட்னி பாதிப்பு உள்ளவங்க, உங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கேக்கும்போது "இனிப்பு சாப்பிடலாமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, "கூடாது"ன்னுதான் பதில் வரும். என்ன இனிப்பு, எந்த நாள், எத்தனைன்னு சொல்லிக் கேளுங்க.

நாளையிலேர்ந்து டீக்கு அரை ஸ்பூன் குறைங்க. ரெண்டு வாரத்துல நாக்கு பழகிடும், அப்புறம் இன்னொரு அரை ஸ்பூன்.


அரசு பொது மருத்துவர்